‘லே’ போட்டால் படிக்காதவரா?

“திருநெல்வேலிப் பேச்சு கொச்சை. ‘ஏலே’, ‘பைய’ என்பதெல்லாம் படிக்காதவர்கள் பேசுவது” என்று ஒரு செய்தி வாட்ஸப்பில் சுற்றுகிறது. தவறு.

முதலில் ‘பைய’. மெதுவாக என்று பொருள். 1098-ஆம் குறளில் ‘பசையினள் பைய நகும்’ என்று வள்ளுவரே எழுதியிருக்கிறார். மதுரையில் பாடிய சம்பந்தர் தேவாரத்திலும் ‘பையவே சென்று’ வருகிறது. இதைக் கொச்சை என்றால் வழக்கு அவர்கள் மேலும்தான் போட வேண்டும்!

அப்புறம் ‘லே’. அதைத் தீர்மானிப்பது படிப்பு அல்ல, எதிரே நிற்கும் ஆள். பாளையங்கோட்டை பஸ் நிறுத்தத்தில் ஒருவர் போனில், “வந்துட்டே இருக்கேன் சார்” என்கிறார். போனை வைத்ததும் பக்கத்து நண்பரிடம், “பைய வாலே, பஸ் இன்னும் வரல”. பெரியவர் ஒருவர் வந்ததும், “வாங்க அண்ணாச்சி, மாமா வீட்ல இருக்காவளா?” வாய் ஒன்றுதான், பேச்சு மூன்று. பெரியவரிடம் ‘லே’ போட்டால் இங்கே அடிதான் விழும். ‘இருக்காவ’ என்பது ஒருவரையே பன்மையில் சொல்லும் மரியாதை. அதையும் கொச்சை என்பவர்களை என்ன சொல்வது?

இந்த ஆளே மனு எழுத உட்கார்ந்தால் ‘பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்றுதான் எழுதுவார். எழுத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்பதை மொழியியலில் இரட்டை வழக்கு என்பார்கள். சென்னை, கோவை, யாழ்ப்பாணம் எல்லா ஊர்த் தமிழிலும் அது உண்டு. திருநெல்வேலியை மட்டும் தனியாகப் பிடித்துக் கேலி செய்வானேன்?