அகழி தோண்டியவர்கள் காட்டை மொட்டையடிக்கவில்லை

பிரேசிலின் அமேசான் பகுதியிலுள்ள அக்ரே மாநிலத்தில் பழங்கால மக்கள் தோண்டிய மண் அகழிகளைப் பற்றிப் பேசும்போது சிலர் சொல்லும் ஒரு கருத்து உறுத்துகிறது: ‘அன்றே காட்டைத் திருத்தியிருக்கிறார்கள், இன்று மேய்ச்சல் நிலமாக்கினால் என்ன?’ இரண்டும் ஒன்றே அல்ல. அங்கே 450-க்கும் மேற்பட்ட வட்ட, சதுர அமைப்புகள் கிடைத்துள்ளன. சில அகழிகள் 11 மீட்டர் அகலம், 4 மீட்டர் ஆழம். மண்ணில் எஞ்சிய தாவர நுண்துகள்களை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வு, மூங்கில் காட்டில் சிறு சிறு வெளிகளை மட்டுமே அவர்கள் திறந்தார்கள், பனை இனங்கள் அங்கே பெருகின என்று காட்டுகிறது.

காட்டை அழிக்காமலே அதனால் வாழலாம் என்பதற்கு, அமேசான் காட்டு மரமொன்றில் விளையும் பிரேசில் கொட்டையையே பாருங்கள். தேங்காய் போன்ற ஓட்டுக்காய் மழைக்காலத்தில் தானாக விழும். வெட்டுக்கத்தியால் பிளந்தால் ஆரஞ்சுச் சுளைபோல அடுக்கிய கொட்டைகள், இருபது வரை இருக்கும். மரத்தில் கத்தியே படுவதில்லை! மிஞ்சியதை அகூட்டி என்னும் கொறிவிலங்கு கடித்துத் திறந்து, புதைத்து, சிலவற்றை மறந்துவிடும். அவைதான் அடுத்த மரங்கள். காய் பிடிக்க, அம்மரத்துப் பூவின் மூடியைத் தள்ளித் திறக்க வலுவான பெரிய தேனீ வேண்டும், அந்தத் தேனீக்குக் காடு வேண்டும். வெட்டத் தடை இருப்பதால் மேய்ச்சல் வெளியில் தனியே விடப்பட்ட மரங்கள் சரியாகக் காய்ப்பதில்லை.

ரப்பர் பால் எடுப்போரின் தலைவர் சிக்கோ மெண்டிஸ் 1988-இல் சுட்டுக் கொல்லப்பட்டது காட்டை வெட்டாமல் வாழும் இந்த வாழ்வைக் காக்கப் போராடியதற்காக. 1990-இல் அவர் பெயரில் அமைந்த காப்பகத்துக்குள்ளும் இன்று மாடுகள் பெருகிவருவது நெஞ்சை அறுக்கிறது.