ஒரே புத்தகத்தின் வாசகர்களாம்!

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் அந்த வீடியோ துண்டைப் பார்த்திருப்பீர்கள். இத்திஷ் மொழியில் எழுதிய யூத எழுத்தாளர் ஐசக் பாஷவிஸ் சிங்கரைப் பற்றி நான் பேசி முடித்ததும் தலைமை தாங்கிய கவிஞர் மைக்கை வாங்கினார். "நம்பிக்கையாளர்கள் ஒரே புத்தகத்தின் வாசகர்கள். அவர்களுக்குத் தலையாட்டத்தான் தெரியும். சிங்கர் எழுத்தாளர் ஆனதே மதத்தை உதறியதால்தான்" என்றார். கைதட்டல். உடனே நன்றியுரை. பதில் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம்கூடத் தரவில்லை. சரி, இங்கே யாரும் மைக்கைப் பிடுங்க முடியாது.

யூத மரபில் வாசிப்பது என்றால் தலையாட்டுவது இல்லை, சண்டை போடுவது. அன்று சொல்ல வந்ததும் இதுதான்.

யூத மதகுருக்களான ரப்பிகளின் வாதங்களைத் தொகுத்த தல்மூதின் ஒரு பக்கத்தைப் படத்திலாவது பார்த்திருக்கிறாரா கவிஞர்? நடுவில் மூலம். ஒரு ஓரத்தில் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ராஷி என்ற ரப்பியின் உரை. எதிர் ஓரத்தில் அந்த உரையை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்கும் தோசஃபோத் என்ற குறிப்புகள். அதை எழுதியவர்களில் ராஷியின் சொந்தப் பேரன்களும் உண்டு. தாத்தா சொன்னது சரியில்லை என்று பேரன் எழுதுகிறான், இரண்டையும் ஒரே பக்கத்தில் அச்சடித்து இன்றுவரை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வாதத்தில் தோற்றவர் சொன்னதையும் அழிக்கவில்லை. தீராத கேள்விகளைத் தீராதவை என்றே விட்டுவைத்திருக்கிறார்கள். மொத்தம் 2,711 தாள்கள். தினம் ஒரு தாள் என்று உலகம் முழுக்க ஒரே நாளில் ஒரே தாளைப் படிக்கும் வழக்கத்தை மேயிர் ஷாபிரோ என்ற ரப்பி 1923இல் வியன்னாவில் முன்மொழிந்தார். முடிக்க ஏழரை ஆண்டு ஆகும். முடித்த கையோடு மறுபடி முதலிலிருந்து. கவிஞர் சொன்ன 'ஒரே புத்தகம்' இதுதான் போல.

அதில் ஒரு கதை. ஓர் அடுப்பு தீட்டுப்படுமா, படாதா என்று வாக்குவாதம். எலியேசர் என்ற ரப்பி மட்டும் ஒரு பக்கம், மற்ற ரப்பிகள் எல்லோரும் மறுபக்கம். நான் சொல்வது சரியென்றால் இந்த மரம் நகரட்டும் என்கிறார் எலியேசர். மரம் நகர்கிறது. மரமெல்லாம் சாட்சி ஆகாது என்கிறார்கள். ஓடை எதிர்த்திசையில் ஓடுகிறது, சுவர்கள் சாய்கின்றன, ஒருவரும் அசையவில்லை. கடைசியில் வானத்திலிருந்தே குரல் வருகிறது, எலியேசர் சொல்வதுதான் சரி என்று. யோசுவா என்ற ரப்பி எழுந்து நின்று, "அது வானத்தில் இல்லை" என்கிறார். வேதத்தை எங்களிடம் கொடுத்தாயிற்று, இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். அதற்குக் கடவுள் என்ன செய்தாராம்? சிரித்தாராம். என் பிள்ளைகள் என்னை ஜெயித்துவிட்டார்கள் என்றாராம். கதையின் அடுத்த பகுதியில் அதே எலியேசரைச் சபையிலிருந்து விலக்குகிறார்கள். அந்த அசிங்கத்தையும் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இதை முதன்முதலில் படித்தபோது நான் அழுதேன். காரணம் இருக்கிறது. திருநெல்வேலியில் எங்கள் சண்டே ஸ்கூலில் யோபு கதை நடத்தினார்கள், கடவுளின் சோதனையில் பிள்ளைகளையெல்லாம் இழந்த பைபிள் மனிதர். கடைசியில் யோபுக்கு மறுபடி ஏழு மகன்கள், மூன்று மகள்கள், எல்லாம் சுபம். "அப்போ முதல்ல செத்த பிள்ளைங்க?" என்று கேட்டேன். வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். வீட்டில் ஆச்சியிடம் சொன்னபோது, "ஆண்டவர்ட்ட யோபே கேட்டாருல்லா, நீ கேட்டா என்ன?" என்றாள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு மரபே இருக்கிறது என்று தெரிய எனக்குப் பல வருடம் பிடித்தது. ஆச்சி அதிகம் படித்தவள் இல்லை. எங்கள் கவிஞர் முதுகலை.

இப்போது கமெண்டில் வருவார்கள். தத்துவஞானி ஸ்பினோசாவை யூதர்களே விரட்டவில்லையா என்பார்கள். ஆமாம், 1656இல் ஆம்ஸ்டர்டாம் யூத சபை அவரைச் சாபமிட்டு வெளியேற்றியது. அப்போது அவருக்கு 23 வயது. கொடுமைதான். ஆனால் பிரதியை வரி வரியாகக் குடைய அவர் பழகியதும் அந்தச் சமூகம் நடத்திய பள்ளியில்தான். பெண்களைத் தல்மூத் படிக்க விட்டார்களா? நூற்றாண்டுகளாக விடவில்லை. அதற்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை. ஆனால் ஞாயிறன்று மேடையில் என்னைத் தவிர எல்லோரும் ஆண்கள் என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள்.

"காசாவில் குழந்தைகள் சாகும்போது யூத இலக்கியம் தேவையா?" இன்பாக்ஸில் ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தக் கொலைகளை நான் கண்டித்து எழுதியதற்கு அவர் லைக் போட்டிருக்கிறார், மறந்திருக்கலாம். ஓர் அரசாங்கம் செய்வதற்கு இரண்டாயிரம் வருட வாசிப்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம்? பாவ நகரமான சோதோமை அழிக்காதே, பத்து நீதிமான்கள் இருந்தாலாவது விட்டுவிடு என்று கடவுளிடமே பேரம் பேசிய ஆபிரகாமும் அவர்கள் வேதத்தில்தான் இருக்கிறார்.

சரி, சிங்கருக்கு வருவோம். வார்சாவில் ரப்பி வீட்டுப் பிள்ளை. ஆசாரங்களை விட்டது உண்மை. கடவுளை விட்டாரா? கதைக்குக் கதை அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டுதானே இருந்தார்? விட்டவனுக்கு எதற்கு அந்தச் சண்டை? அதுவும் போகட்டும், எபிரேய எழுத்தாளர் அக்நோனை என்ன செய்வது? கடைசிவரை ஆசாரத்தோடு வாழ்ந்தவர். 1924இல் ஜெர்மனியில் வீடு எரிந்து நூலகமும் கையெழுத்துப் பிரதிகளும் போயின, அதன் பிறகும் எழுதினார். 1966இல் நோபல் மேடைக்குத் தலையில் தொப்பியோடு போய், அரசரைப் பார்த்தால் சொல்ல வேண்டிய ஆசீர்வாதத்தையும் சொன்னார். இவரும் தலையாட்டிதானா?

எனக்கு வலித்தது கவிஞரின் கருத்து இல்லை. கூட்டம் முடிந்து வாசலில் ஒருவர் "என்ன மேடம், ஜெபக்கூட்டம் முடிஞ்சுதா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லோரும் என் கதைகளைப் படித்தவர்கள். இத்தனை வருடம் எழுத்தாளராக இருந்தேன், ஒரு ரப்பியின் பெயரை மரியாதையோடு சொன்னதும் ஒரே சாயங்காலத்தில் சர்ச் ஆள் ஆகிவிட்டேன். இவர்கள்தான் சிந்தனைச் சுதந்திரத்துக்குக் காவலர்கள்.

தல்மூதில் யோகனான் என்று ஒரு ரப்பி. அவரோடு எப்போதும் மோதிக்கொண்டிருந்த ரேஷ் லாகிஷ் இறந்துபோகிறார். ஆறுதலுக்கு அனுப்பப்பட்ட புதியவர், யோகனான் சொல்வதையெல்லாம் சரி சரி என்று ஆமோதிக்கிறார். யோகனானுக்கு வெறுத்துப்போகிறது. நான் ஒன்று சொன்னால் அவன் 24 ஆட்சேபம் சொல்வான், நான் 24 பதில் சொல்வேன், நான் சொன்னது சரியென்று எனக்குத் தெரியாதா, அதற்கு நீ எதற்கு என்று கதறுகிறார்.

கவிஞரே, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் தொகுப்புக்கு மதிப்புரை கேட்டு எத்தனை தடவை எனக்குப் போன் செய்தீர்கள்? அப்போது என் மதம் உங்களை உறுத்தவில்லை. குறை எதுவும் எழுதிவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டீர்கள்.