செல்லாதுன்னு சொல்ல நீங்க யாருங்க?

மறுபடியும் அதே கூத்து. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு பேக்கரி. இரண்டு டீ, ஒரு பாக்கெட் வருக்கி, மொத்தம் 48 ரூபாய். மூன்று பத்து ரூபாய் நோட்டும் இரண்டு பத்து ரூபாய் காசும் எடுத்து வைத்தேன். கல்லாவில் இருந்த தம்பி நோட்டை எடுத்துக்கொண்டு, காசு இரண்டையும் ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளினான். கையில் எடுத்துத் திருப்பிக் கொடுக்கவில்லை. தள்ளினான்.

"காசு எடுக்கறதில்லைங்கண்ணா."

"ஏன் தம்பி?"

"செல்லாதுங்கண்ணா."

"யார் சொன்னாங்க?"

"யாரும் வாங்கறதில்லைங்கண்ணா. பால்காரர் வாங்க மாட்டேங்கறாரு."

"பால்காரர் ஏன் வாங்கறதில்லை?"

"தீவனக் கடையில வாங்க மாட்டேங்கறாங்களாம்."

"தீவனக் கடையில ஏன் வாங்கறதில்லை?"

"அது தெரியாதுங்கண்ணா."

இதோடு முடிந்திருந்தால்கூடப் பேசாமல் வந்திருப்பேன். பின்னால் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்து, "பத்துக் கோடு இருந்தா ஒரிஜினல், பதினஞ்சு கோடு இருந்தா டூப்ளிகேட்டுங்க" என்றார். உடனே தம்பி ஒரு காசை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிக் கோடு எண்ண ஆரம்பித்துவிட்டான். பத்துக் கோடுதான் இருந்தது. அப்போதாவது வாங்கினானா? இல்லை. "இருந்தாலும் நோட்டாவே குடுத்துடுங்கண்ணா." அப்புறம் எதற்கடா எண்ணினாய்? இதற்குள் அந்தக் கோட்டு நிபுணருக்கு பர்கூர் பஸ் கிளம்பப் போகிறதாம், "நோட்டைக் குடுத்துட்டு நகருங்க சார்" என்று என்னையே அதட்டுகிறார்.

ஐம்பது ரூபாய் நோட்டாகவே கொடுத்தேன். பாக்கி இரண்டு ரூபாய் வர வேண்டும். இரண்டு சாக்லேட்டை எடுத்து வைத்தான்.

அரசாங்கம் அச்சடித்த காசு அவனுக்குச் செல்லாது. சாக்லேட் எனக்குச் செல்ல வேண்டும். "சாக்லேட் நான் எடுக்கறதில்லை தம்பி, இதை யாரும் வாங்க மாட்டேங்கறாங்க" என்றேன். முறைத்துவிட்டு, கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு இரண்டு ரூபாய் காசை எடுத்தான். காசு இருக்கிறது! வைத்துக்கொண்டேதான் மிட்டாய் நீட்டியிருக்கிறான்.

பத்து ரூபாய் காசு 14 வகையாக வந்திருக்கிறது, அத்தனையும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. ரூபாய் குறியீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் செல்லும். பத்துக் கோடும் செல்லும், பதினைந்து கோடும் செல்லும். சந்தேகம் என்றால் 14440-க்குப் போன் போடுங்கள் என்று எண்ணும் கொடுத்தார்கள். 2011 நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசுகள் ஆயிரம் ரூபாய் வரைக்கும் சட்டப்படி செல்லுபடியாகும். நான் நீட்டியது இருபது ரூபாய். சென்னையில் இதே காசைப் பெட்டிக்கடைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். நம்ம ஊர் கல்லாவுக்கு மட்டும் தனி ரிசர்வ் வங்கியா?

செல்லாமல் போன காசைப் பார்க்காதவனா நான்? போச்சம்பள்ளி பக்கத்தில் பாட்டி ஊரில்தான் பள்ளிக்கூட விடுமுறையெல்லாம் கழிந்தது. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் கிளம்பும்போது பாட்டி இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, ஒரு பத்து பைசாவை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கி மூடிவிடும். அந்தப் பத்து பைசாவுக்கு ஒரு கனமும் கிடையாது, வெறும் அலுமினியம். ஆனால் சந்தை போய்ச் சேரும்வரை அந்தக் கையைத் திறக்க மாட்டேன். ஓரமெல்லாம் பூ மாதிரி நெளிந்திருக்கும், அழுத்திப் பிடித்ததில் அந்தத் தடம் உள்ளங்கையில் பதிந்து கிடக்கும். கமர்கட், தேன் மிட்டாய், உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட மாங்காய் பத்தை என்று எதை வாங்குவது எனக் குழம்பியே பாதிச் சந்தை முடிந்துவிடும்.

ஊரில் மிட்டாய்க் கடை வைத்திருந்த ஆயாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. ஒரு நாளும் கணக்குத் தப்பியதில்லை. தடவிப் பார்க்கும். நாலு மூலை என்றால் அஞ்சு பைசா, நெளி ஓரம் என்றால் பத்து, ஆறு மூலை என்றால் இருபது. வளைந்த காசு, தேய்ந்த காசு, தலை தெரியாத காசு என்று எதையும் தள்ளியதில்லை. தண்டவாளத்தில் வைத்து ரயில் ஏற்றிய காசைக் கொண்டுபோனால் மட்டும் திட்டும். நாலணாவில் காண்டாமிருகம் வந்த பிறகும் அந்த விரல்களுக்கு அது பழகிப்போனது.

அந்தக் காசெல்லாம் போனது. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளதும் 2011 ஜூன் 30-லிருந்து செல்லாது என்று அரசாங்கம் ஆறு மாதத்துக்கு முன்பே அறிவித்து, வங்கியில் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொல்லி, முறைப்படி அனுப்பி வைத்தது. வருத்தமாக இருந்தது, ஆனால் அதில் ஒரு நியாயம் இருந்தது. எட்டணாவுக்கு என்ன நடந்தது? ஐம்பது பைசா இன்றைக்கும் சட்டப்படி செல்லும் காசு. எந்த அரசும் அதைச் சாகடிக்கவில்லை. கடைக்கு ஒருவராக "இது எடுக்கறதில்லைங்க" என்று சொல்லிச் சொல்லியே கொன்றுவிட்டார்கள். இப்போது பத்து ரூபாயிடம் வந்திருக்கிறார்கள். பன்னிரண்டு மூலையோடு இருபது ரூபாய் காசும் வந்திருக்கிறது, அதை நீட்டினால் என்னைக் காவல் நிலையத்துக்கே அனுப்பிவிடுவார்கள் போல.

எனக்கு இருபது ரூபாய் பெரிய பிரச்சினையில்லை, வேறு நோட்டு இருந்தது. பஸ் ஸ்டாண்டில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வெள்ளரிக்காய் விற்கிற அம்மாவை நினைத்துப் பாருங்கள். கடையில் வாங்காத காசையெல்லாம் ஜனங்கள் அந்த அம்மா தலையில்தான் கட்டுகிறார்கள். பஸ் நகர ஆரம்பித்த பிறகு ஜன்னல் வழியாகக் காசை நீட்டினால் அவர் என்ன செய்வார்? வாங்கித்தான் ஆக வேண்டும். அந்தக் காசோடு இதே பேக்கரிக்கு வந்து ஒரு டீ கேட்டால், நாள் முழுக்க வெயிலில் நின்று சம்பாதித்ததை இந்தத் தம்பி ஒற்றை விரலால் தள்ளிவிடுவான். வாங்க மறுக்கிற ஒவ்வொருவரும் அந்த அம்மாவின் கூலியில்தான் கை வைக்கிறார்கள். "ஸ்கேன் பண்ணிடுங்க" என்று சுலபமாகச் சொல்கிறீர்களே, அவர் எதை எடுத்து ஸ்கேன் செய்வார்?

இதில் இன்னொன்று. அதே பஸ் ஸ்டாண்டில் இன்னொரு கடையில் மாம்பழ ஜூஸ் பாட்டில் வாங்கினால், அதில் அச்சடித்த விலைக்கு மேல் இரண்டு ரூபாய் கேட்கிறார்கள். எதற்கு என்றால் "கூலிங் சார்ஜ்" என்கிறார்கள். அதிகபட்ச விலை என்று பாட்டிலிலேயே போட்டிருக்கிறதே, அதற்கு மேல் எப்படி வாங்குவீர்கள்? சுற்றிலும் மாந்தோப்பு, சுற்றிலும் மாங்கூழ் ஆலை, இந்த ஊரில் நின்றுகொண்டு மாம்பழ ஜூஸுக்குக் குளிர்ச்சிக் கூலியா? அடுத்த தடவை குளிராத பாட்டிலாகவே கொடுங்கள் என்று கேட்கப் போகிறேன். கொடுக்க மாட்டார்கள், தெரியும். இருந்தாலும் கேட்பேன்.