சந்தகை பிழிகிற கைக்கும் வலிக்கும்

என்னைக் கேலி செய்து சனிக்கிழமை வந்த அந்த ஒன்றே முக்கால் நிமிட வீடியோவை இங்கே இருப்பவர்களில் பாதிப் பேராவது பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தயவுசெய்து தேடிப் போக வேண்டாம். என் யூடியூப் சமையல் சேனலில் ஒரு மாதம் வீடியோ வராது என்று நான் சொன்னபோது குரல் உடைந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால் சோகப் பாட்டு போட்டு, "பத்து நிமிசம் சோறாக்குனதுக்கு ஒரு மாசம் ரெஸ்டாமா, எங்காத்தா நாப்பது வருசமா ஆக்குது, அதுக்கு யாரு லீவு குடுத்தா" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருக்கும் ஒரு சேனல் இருக்கிறது. இந்த வேலை என்ன வேலை என்று தெரிந்தவர்தான்.

மூன்று நாள் பேசாமல் இருந்தேன். இன்று எழுத வைத்தது அவர் கூட இல்லை. எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அதைப் போட, பெரியம்மா மகன் கீழே சிரிக்கிற பொம்மை போட்டிருந்தான். போன தைப்பூசத்துக்கு என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒப்பிட்டு (போளி) தின்றவன். அதைப் பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நான் இதை விட்டுவிட்டு ஓடவில்லை, இடைவெளி விட்டிருக்கிறேன். இடைவெளி விட்டால்தான் இந்த வேலை நிலைக்கும்.

பத்து நிமிசம் என்கிறார்களே, அந்தப் பத்து நிமிசத்தைக் கொஞ்சம் பார்ப்போம். சந்தகை என்பது இடியாப்பம் போல நூல் நூலாகப் பிழிகிற எங்கள் பக்கத்துப் பலகாரம். அந்த வீடியோ உங்களுக்கு நினைவிருக்கும். முந்தின நாள் அரிசி ஊறப்போட்டு, ஆட்டி, இட்லித் தட்டில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். ஆறினால் இறங்காது. வீட்டுக்குச் செய்தால் ஒரு தடவையோடு முடிந்தது. வீடியோவுக்கு மேலிருந்து ஒரு தடவை, பக்கத்திலிருந்து ஒரு தடவை, நூல் நூலாக விழுவது கிட்டத்தில் தெரிய ஒரு தடவை. மூன்று தடவையும் புதிதாக வேகவைத்த மாவு. ஃபேன் போட்டால் மைக்கில் இரைச்சல், அதனால் ஃபேன் கிடையாது. எங்கள் வீட்டுக்கு அடுத்தாற்போலத் தறிக்குடோன். தறி ஓடும்போது ஒரு வார்த்தை பதிவு செய்ய முடியாது, ஆகவே குரல் பதிவுக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். ஊரே கிடா வெட்டுக்கும் காதுகுத்துக்கும் போகிற நாளில் நான் கதவைச் சாத்திக்கொண்டு "இப்ப கடுகு பொரிஞ்சதும்" என்று பேசிக்கொண்டிருப்பேன். அப்புறம் எடிட், தம்ப்நெயில், தலைப்பு, கமெண்ட், விளம்பரம் கேட்டு வரும் கம்பெனிக்காரர்களின் போன், பேசிய காசு வராவிட்டால் அதற்கு நாலு போன். ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங், டெய்லர், செக்கிங், பேக்கிங், கணக்கு என்று தனித்தனி ஆள் இருப்பார்கள். இங்கே எல்லாம் ஒரே ஆள்.

பணம் வருகிறதே என்பார்கள். வருகிறது, மறைக்கவில்லை. நீள வீடியோவில் வருகிற விளம்பரக் காசில் 55 சதவீதம் நமக்கு, ஷார்ட்ஸ் என்கிற குட்டி வீடியோவில் 45. நடுவில் விளம்பரம் வர வேண்டுமென்றால் வீடியோ எட்டு நிமிடமாவது இருக்க வேண்டும். அந்த எட்டு நிமிடத்துக்காக நான் கொத்தமல்லி கிள்ளுவதைக்கூட நீட்டியிருக்கிறேன். போன மாதம் இருபதாயிரம் வந்தது என்பதால் இந்த மாதமும் வரும் என்று யாரும் எழுதித் தரவில்லை. காய்ச்சலில் படுத்தால் சம்பளத்தோடு லீவு தர ஒரு முதலாளியும் இல்லை. ஆகவே படுக்கவில்லை. மூன்று வருடம் ஒரு வாரம்கூட விடாமல் போட்டேன். அதைப் பெருமையாக நினைத்திருந்தேன், அதுதான் தப்பு.

மாசி மாதம் ஒரு நாள். அரிசிம்பருப்பு சாதம் செய்து, மேலே நெய் ஊற்றி வைத்திருந்தேன். என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் தட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டாள்: "அம்மா, இது வீடியோவுக்கா, நமக்கா?" ஏழு வயதுப் பிள்ளை பசியோடு வந்து சோற்றைத் தொட அனுமதி கேட்கிறாள். அன்றைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு எடிட் செய்துகொண்டிருந்தபோது எண்ணெய் காய்கிற சத்தத்தைக் கேட்டாலே குமட்டியது. கமெண்டில் ஒரு அக்கா, அவர் அம்மா இறந்த பிறகு என் வீடியோ பார்த்துத்தான் கொள்ளுப் பருப்பு கடைந்ததாக எழுதியிருந்தார். முன்பெல்லாம் அப்படி ஒன்று வந்தால் ஒரு வாரம் அதிலேயே ஓடும். அன்றைக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ஒரு ஹார்ட் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். அந்த அக்கா இதைப் படித்தால் மன்னிக்க வேண்டும்.

இது சோம்பேறித்தனத்துக்கு வைத்த புதுப்பெயர் இல்லை. 1974-லேயே ஃப்ராய்டன்பெர்கர் என்ற அமெரிக்க மனநல நிபுணர் இதை 'பர்ன் அவுட்' (வேலையில் எரிந்து தீர்ந்துபோவது) என்று எழுதிவிட்டார். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய்ப் பட்டியலைப் புதுப்பித்தபோது இதை நோய் என்று சொல்லவில்லை, வேலையால் வருகிற ஒரு நிலை என்று சேர்த்தது. அவர்கள் சொல்கிற அடையாளம் மூன்று: உடம்பிலும் மனதிலும் தெம்பு வற்றிப்போவது, செய்கிற வேலை மீதே ஒட்டுதல் விட்டு வெறுப்பு வருவது, தன்னால் இதை ஒழுங்காகச் செய்ய முடியவில்லை என்று தோன்றுவது. படித்தபோது யாரோ என் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு எழுதியது போல இருந்தது. இங்கிலாந்து யூடியூபர் டாம் ஸ்காட் பத்து வருடம் வாராவாரம் வீடியோ போட்டவர், 2024 ஜனவரி முதல் தேதியோடு அந்த வாராந்திரக் கணக்கை நிறுத்தினார். அவருக்கு இருக்கிற அளவுக்கு ஆள் படை எனக்கு இல்லை. அவருக்கே தேவைப்பட்டது.

"நீ போடாவிட்டால் யூடியூப் உன்னை மறந்துவிடும்" என்று பயமுறுத்துபவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தப் பயத்தில்தான் மூன்று வருடம் ஓடினேன். 2019 நவம்பரில் அப்போதைய யூடியூப் தலைவர் சூசன் வோஜ்சிக்கி எழுதிய கடிதத்தில், பல லட்சம் சேனல்களின் கணக்கைப் பார்த்ததாகவும், இடைவெளி விட்டுத் திரும்பியவர்களுக்கு விடுவதற்கு முன்பு இருந்ததைவிடச் சராசரியாக வியூஸ் கூடியே இருந்ததாகவும் சொல்லியிருக்கிறார். ஆறு மாதத்துக்கு மேல் வீடியோவோ பதிவோ எதுவுமே போடாவிட்டால்தான் வருமானத்தை நிறுத்தும் உரிமை அவர்களுக்கு உண்டு. நான் கேட்டது ஒரு மாதம்.

இதையெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை. வெள்ளகோவில் பக்கம் எங்கள் அப்பாவுக்குக் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடு இருக்கிறது. சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். மூன்று துண்டாகப் பிரித்து, ஒன்றில் மாடு மேயும்போது மற்றதைப் படல் சாத்திப் போட்டுவிடுவார். சாத்திய காட்டைப் பார்த்தால் யாரும் கவனிக்காமல் விட்டது போல இருக்கும். அங்கேதான் புல் வேர் பிடித்துக்கொண்டிருக்கும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது வேறு வழியில்லாமல் மூன்று படலையும் திறந்துவிட்டார். மாடுகள் வேரோடு கரும்பிவிட்டன. அடுத்து மழை வந்தபோது புல் வரவில்லை, எருக்கும் ஆவாரையும்தான் வந்தன. இரண்டு மாட்டை விற்று, விதை தூவி, ஒரு வருடத்துக்கு மேல் காட்டைச் சாத்திப் போட்ட பிறகுதான் பழைய நிலைக்கு வந்தது. அப்பா படல் சாத்தியபோது விவசாயத்தை விட்டுவிட்டார் என்று ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. நான் சாத்தினால் மட்டும் சிரிப்பு வருகிறது.

"வெயிலில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், உனக்கு என்ன" என்று கேட்பவர்களுக்கு: அவர்கள் வேலை கஷ்டம், என்னுடையதைவிடப் பல மடங்கு கஷ்டம். அதில் எனக்குச் சண்டையே இல்லை. அவர்களுக்கும் ஓய்வு வேண்டும் என்று நீங்கள் கேட்டிருந்தால் உங்கள் பக்கம் நின்றிருப்பேன். நீங்கள் அவர்களுக்காகப் பேசவில்லை, என் வாயை அடைக்க அவர்களை இழுக்கிறீர்கள். "நீயாகத்தானே வந்தாய்" என்பதற்குப் பதில் ஆம், நானாகத்தான் வந்தேன். "முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்" என்று இரண்டு பேர் மரியாதையாகக் கேட்டிருந்தார்கள், அது நியாயம். இனி பத்து நாளுக்கு ஒரு வீடியோதான் என்று முடிவு செய்திருக்கிறேன். தெம்பு இருக்கிற நாளில் இரண்டு எடுத்து ஒன்றைக் கையிருப்பில் வைப்பேன். எடிட்டுக்குச் சம்பளம் கொடுத்து ஒரு பையனைச் சேர்த்தாகிவிட்டது. கமெண்ட் பார்ப்பது காலையில் ஒரு மணி நேரம், ராத்திரி போன் சமையலறையில்தான் கிடக்கும். வீட்டில் செய்கிற எல்லாவற்றையும் கேமராவுக்குக் காட்டப் போவதில்லை. அரிசிம்பருப்பு சாதம் என் மகளுக்கு மட்டும்.

இதை எழுத ஆரம்பித்தபோது அந்தத் தம்பிக்குப் பதில் சொல்லிவிட்டு முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் கேட்டதில் ஒரு வரி மட்டும் உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. எங்காத்தாளுக்கு யார் லீவு கொடுத்தார்கள்? தம்பி, அதை நீங்கள் உங்கள் ஆத்தாளிடம் என்றைக்காவது கேட்டீர்களா? எத்தனை வருடம் லீவு கொடுக்கவில்லை என்று கணக்குச் சொல்கிறீர்களே, கொடுக்காமல் விட்டது யார்?

நான் கேட்டதில்லை. என் அம்மாவிடம் நானும் கேட்டதே இல்லை. நேற்று அம்மா போன் செய்தாள். அந்த வீடியோவை யாரோ காட்டியிருக்கிறார்கள். அழுதியா சாமி என்றாள், இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தச் சந்தகை அச்சு இருக்குதில்ல, அது ஒடையவே இல்ல" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. நான் ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் வீட்டில் அச்சு உடைந்துவிட்டது. அப்படித்தான் எங்களுக்குத் தெரியும். அதுவரை விருந்தாளி வந்தால் சந்தகை, நோன்பு என்றால் சந்தகை, அப்பத்தாளுக்கு வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை என்றால் சந்தகை. இருபது பேருக்கு அம்மா ஒருத்திதான் பிழிவாள். மணிக்கட்டு வீங்கிப் போய், விளக்கெண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டு படுத்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அச்சு உடைந்த பிறகு இரண்டு வருடம் சந்தகையே கிடையாது. அப்பாவுக்குக் கோபம், அப்பத்தாளுக்குக் கோபம், நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன். அந்த இரண்டு வருடமும் அது கோணிச் சாக்கில் சுற்றி அட்டாலி (பரண்) மேல் இருந்திருக்கிறது. "கை வலிக்குதுன்னா யாரு கேப்பாங்க, ஒடஞ்சு போச்சுன்னாக் கேப்பாங்க" என்றாள்.

சந்தகை வீடியோவில் நீங்கள் பார்த்தது அதே அச்சுதான். கல்யாணத்துக்கு அப்புறம் பற்றவைத்துச் சரிசெய்ததாகச் சொல்லித்தான் எனக்குக் கொடுத்தாள்.

அடுத்த வீடியோ ஆடிப் பதினெட்டு கழிந்து வரும். அம்மாவை இங்கே பத்து நாள் தங்குவதற்குக் கூப்பிட்டிருக்கிறேன். இந்தப் பத்து நாளும் அவளை அடுப்படிக்குள் விடப்போவதில்லை. கமெண்டுக்கு நாளைக் காலையில்தான் பதில் சொல்வேன்.