அஞ்சு ஏக்கருக்கு 24 எச்.பி. டிராக்டர் தாராளமா போதும்
சின்ன டிராக்டர் செம்மண்ணுக்குத் தாங்காதுன்னு கட்டுரையில எழுதியிருக்கீங்க, எனக்கு அது சரியாப் படலைங்க. காரைக்குடி பக்கம் எங்க அஞ்சு ஏக்கர் கொய்யா, தென்னையில மூணு வருஷமா மஹிந்திரா ஜீவோ 245 தான் ஓடுது, 24 எச்.பி., ரெண்டு சிலிண்டர் டீசல், நாலு வீலும் இழுக்கும். மழை பெய்ஞ்ச ஈரம் காயறதுக்குள்ள உழுதுரணும், அவ்வளவுதான், காஞ்சுட்டா செம்புறாங்கல் மாதிரி இறுகிரும், பெரிய வண்டி கலப்பையே மேலால சறுக்கிட்டுதான் போகும். வாங்கின கையோட முன்னாடி வெயிட் மாட்டினேன், பின்னாடி மாட்டி மண்ணைப் பொடியாக்குற ரொட்டவேட்டரைத் தூக்கும்போது மூக்கு எந்திரிக்கிறது நின்னுச்சு. பட்டறையில நிழலுக்குக் கூரை போடுறேன்னு ரோல் பார்ல, அதான் ஓட்டுறவரைக் காக்குற இரும்புக் கம்பி வளைவுல மட்டும் ஓட்டை போடவோ வெல்டு வைக்கவோ விட்ராதீங்க, கண்மாய்க் கரையில வண்டி கவுந்தா உசுரக் காப்பாத்துறது அந்தக் கம்பிதான், அதோட சீட் பெல்ட்டும் போடணும்.