அடக்கி வைத்தால்தான் ஹஸ்கி அடங்குமா?
ஹஸ்கி நாய் பாதி ஓநாய், வளர்ப்பவர் 'நான்தான் தலைவன்' என்று காட்டினால்தான் அடங்கும் என்று ஹஸ்கி வளர்ப்பு பற்றிய இந்தக் கட்டுரையில் இருப்பதை ஏற்க முடியவில்லை. அந்தத் தலைவன் கதையே ருடால்ப் ஷெங்கல் என்ற விலங்கு ஆய்வாளர் மிருகக்காட்சி சாலையில் அடைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து 1947-ல் எழுதியதிலிருந்து கிளம்பியது. காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள்தான், சண்டை போட்டுப் பதவி பிடிப்பதெல்லாம் இல்லை என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் 1999-லேயே எழுதிவிட்டார், அவரே முன்பு அந்தக் கதையைப் பரப்பியவர்தான். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், எங்களிடமும் ஒரு ஹஸ்கி இருக்கிறான். ஓநாய் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம், ஆனால் இவன் மதியம் முழுக்கக் குளியலறை சிமெண்டுத் தரையில் வயிறு ஒட்டப் படுத்துக் கிடந்து, கோயில் மணி கேட்டால் மட்டும் கழுத்தை நீட்டி ஊளையிடுவான். அதட்டினால் காதை மடக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். அவித்த கோழித் துண்டு ஒன்றைக் காட்டினால் சொன்னபடி உட்காருவான், இதில் தலைவன் யார் என்று நீங்களே சொல்லுங்கள். அப்புறம், இதே கட்டுரைக்கு மேலே கருத்து எழுதிய ஒரு சகோதரர் சூட்டுக்கு ஹஸ்கியின் முடியை மழிக்கச் சொல்கிறார், வேண்டவே வேண்டாம், வெளிமுடி, உள்முடி என்ற அந்த இரட்டை முடி வெயில் தோலில் படாமலும் காக்கிறது, உதிரும் உள்முடியை மட்டும் சீவி எடுங்கள், நடக்க விடுவதை வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள்.