எதற்கெடுத்தாலும் ஆயில்தானா?

ஊட்டியில் பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவனுக்கு டிசம்பர் பிறந்தாலே வயிற்றில் புளி கரைக்கும். விடிந்ததும் சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கிறது, எஞ்சினும் பிடிக்கிறது. அடுத்த நொடியே குளிர்காய்ச்சல் கண்டவனைப் போல் வண்டி முழுக்க உதறுகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் நின்றே போகிறது. கொஞ்ச நேரம் கெஞ்சிக் கூத்தாடி ஓடவிட்டு, சூடு ஏறிவிட்டால் எதுவுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. இதைக் காது கொடுத்துக் கேட்க ஒரு மெக்கானிக் கிடைக்க மாட்டாரா?

கிடைத்தவர்கள் எல்லோரிடமும் ஒரே பதில்தான். "வண்டி பழையது சார். கெட்டியான ஆயில் ஊற்றிவிடலாம்."

பட்டறை திறப்பது பத்து மணிக்கு. அதற்குள் வெயில் வந்துவிடும். வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு போவதில் எஞ்சினும் சூடாகிவிடும். பானெட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "நன்றாகத்தானே ஓடுகிறது?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள். குளிர்ந்திருக்கும்போது மட்டும் வருகிற கோளாறைச் சூடான எஞ்சினில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? "இரவு இங்கேயே விட்டுப் போகிறேன், காலையில் நான் வரும்வரை தொடாதீர்கள்" என்று சொல்லிப் பார்த்தேன். நான் போவதற்குள் பையன் வண்டியை ஸ்டார்ட் செய்து ஓரமாக நகர்த்தி நிறுத்திவிட்டான். இடம் அடைத்துக்கொண்டிருந்ததாம்.

சரி, அந்தக் கெட்டி ஆயில் விஷயத்துக்கே வருவோம். ஒரு பட்டறைக்காரர் அதை என் வண்டியில் ஊற்றியே விட்டார். டப்பாவில் 20டபிள்யூ-50 என்று போட்டிருக்கிறதே, அதைப் படித்தவர்கள் எத்தனை பேர்? டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்கிறது. சிறிய எண் என்றால் குளிரிலும் சுலபமாக ஓடும். பின்னால் உள்ள எண், 100 டிகிரி சூட்டில் எவ்வளவு அடர்த்தியாக நிற்கும் என்பதற்கானது. என் சிக்கல் குளிரில். இவர்கள் பரிந்துரைப்பதோ கடைகளில் வழக்கமாகக் கிடைப்பவற்றிலேயே குளிருக்கு மிக மந்தமான ஆயிலை! 20டபிள்யூ வகையை மைனஸ் 15 டிகிரியில் சோதிக்கிறார்கள் என்பதால் ஊட்டிக் குளிரில் அது எஞ்சினை முடக்கிப்போடாது, உண்மைதான். ஆனால் செல்ஃப் திணறும், பேட்டரி தளர்ந்திருந்தால் இன்னும் திணறும், ஆயில் மேலே வால்வு வரை ஏறக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஸ்டார்ட் ஆன பிறகு வரும் உதறலை மட்டும் எந்த கிரேடும் தீர்க்காது. உதறல் என்றால் சிலிண்டருக்குள் எரிய வேண்டியது ஒழுங்காக எரியவில்லை என்று பொருள். பெரும்பாலும் பெட்ரோல், காற்று, தீப்பொறி மூன்றில் ஒன்றில் குறை. ஆயில் அங்கே எங்கிருந்து வந்தது?

பிஸ்டன் ரிங் தேய்ந்து, ஆயில் எரிந்து, சூட்டில் ஆயில் பிரஷர் விழுகிற எஞ்சினுக்கு, அதுவும் சமவெளி வெயிலில், 50 போடுவதில் நியாயம் உண்டு. என் வண்டி ஆயில் குடிப்பதில்லை. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தாலே தெரியும். உருவியவர் யாரும் இல்லை.

பார்க்க வேண்டும் என்று நினைத்தால் வண்டியே எல்லாவற்றையும் சொல்லும். ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை வந்து அடங்கினால், ஆயிலைத் தடுக்கும் வால்வ் சீல் தேய்ந்திருக்கும். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்டும் குறைந்துகொண்டே போனால், எஞ்சின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். சாவியை ஆன் நிலையில் வைத்து, பெட்ரோல் பம்ப் ஓடி அடங்கவிட்டு, இரண்டு முறை அப்படிச் செய்த பிறகு சட்டெனப் பிடித்தால் இரவில் பெட்ரோல் பிரஷர் இறங்கிவிடுகிறது. காற்று நுழையும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம், வேக்குவம் குழாய் வெடித்திருக்கலாம். ஒவ்வொன்றையும் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். ஸ்கேனர் மாட்டித்தான் பார்ப்போம் என்கிற பெரிய இடங்களில் வேறு கதை: என்னுடையது 2003 மாடல், வண்டியின் கோளாறை ஸ்கேனருக்குச் சொல்லும் ஓபிடி-2 முறை இங்கே கட்டாயமானதே 2013இல்தான், ஆகவே பிளக் பொருந்தவில்லை. பிளக் பொருந்தாவிட்டால் மூளையையும் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

கடைசியில் கண்டுபிடித்தது ஒரு மல்டிமீட்டர். கோத்தகிரிப் பக்கம் பழைய ஜீப்புகளோடு மல்லுக்கட்டும் பெரியவர் ஒருவர், விடியற்காலையில் வீட்டுக்கே வந்து, எஞ்சினைத் தொடுவதற்கு முன்பே, எஞ்சின் சூட்டைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கூலன்ட் சென்சாரின் பிளக்கை உருவி இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்தார். அந்தக் குளிரில் பல ஆயிரம் ஓம் மின்தடை காட்ட வேண்டிய சென்சார், சில நூறு ஓம்தான் காட்டியது. கொதிக்கக் கொதிக்க இருக்கும் எஞ்சினில் காட்ட வேண்டிய அளவு அது. எஞ்சின் சூடாக இருப்பதாக நம்பிக் கம்ப்யூட்டர் குளிருக்கான கூடுதல் பெட்ரோலைத் தராமல் பட்டினி போட்டிருக்கிறது. கட்டை விரல் அளவுப் பித்தளைத் துண்டு. அதன் விலை, எனக்குத் தலையில் கட்டிய ஆயிலின் விலையில் பாதிகூட இல்லை.

ஆயிலிலும் கதைகளுக்குப் பஞ்சமில்லை. சிந்தெடிக் போட்டால் பழைய எஞ்சின் ஒழுகும் என்கிறார்கள். ஆரம்பக் காலச் சிந்தெடிக் சில சீல்களைச் சுருக்கியது நிஜம். அதற்கான சேர்மானங்கள் வந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஏற்கெனவே வெடித்துப்போன சீல் கசிந்தால் அதற்கு ஆயில் என்ன செய்யும்? இன்னொரு பக்கம் டிரம்மிலிருந்து லிட்டர் கணக்கில் அளந்து ஊற்றுகிற ஆயில். அதில் எந்த கிரேடு, யார் கண்டது? சீல் உடைக்காத டப்பாவைக் கண்ணெதிரே திறக்கச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். காலி டப்பாவைக் கேட்டு வாங்கி ஓட்டை போட்டுக் குப்பையில் எறிகிறேன் என்றால் என்னைக் கஞ்சன் என்கிறார்கள். அதே டப்பாவில் போலி ஆயில் நிரம்பி மறுபடி அலமாரிக்கு வருவது இவர்களுக்குத் தெரியாதா?

சென்சார் மாற்றிய பிறகு, அந்த 20டபிள்யூ-50ஐ வடித்துவிட்டு 10டபிள்யூ-30 ஊற்றச் சொல்லிப் பழைய பட்டறைக்கே போனேன். உதறல் நின்றுவிட்டது என்று கேட்டதும் அந்தப் பட்டறைக்காரருக்கு ஒரே பூரிப்பு. "பார்த்தீர்களா, நான் போட்ட ஆயில்தான் செட் ஆகியிருக்கிறது. அதைப் போய் வடிக்கச் சொல்கிறீர்களே!" என்றார். கையேட்டில் வெப்பநிலை வாரியாக எந்த ஆயில் என்று பட்டை பட்டையாகப் போட்டிருக்கும் பக்கத்தை எடுத்து நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது கம்பெனிக்காரன் எழுதியது சார். அவனுக்கு ஊட்டிக் குளிரைப் பற்றி என்ன தெரியும்?"